கடவுள் நம்பிக்கை இல்லாமையையும் கடவுள் மறுப்பையும் பிரித்தறிவது எப்படி

‘எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை’ என்று பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளை சொன்னால், பெற்றோர் காதில் அது பெரும்பாலும் ‘கடவுள் இல்லை’ என்றே விழுகிறது. இரண்டும் ஒன்றல்ல. முன்னது சொல்பவரின் மனநிலையைப் பற்றிய செய்தி. பின்னது உலகத்தைப் பற்றிய ஒரு கூற்று. இந்த வேறுபாடு தெரியாததால் சொன்னவர் தாம் சொல்லாத ஒன்றுக்குப் பதில் சொல்ல நேர்கிறது. கேட்டவரோ நடக்காத ஓர் அவமதிப்புக்காக வருந்துகிறார். தம் நிலை எதுவென்று கண்டறிந்து அதைத் திருத்தமாகச் சொல்ல விரும்புபவர்களுக்காகவும், அதைக் கேட்க நேரும் பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்தக் குழப்பத்திற்கு நம் வரலாற்றிலேயே ஒரு காரணம் உண்டு. 1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்குப் பயணம் வந்த பிறகு சுயமரியாதைக் கருத்துகள் இங்குள்ள தமிழரிடையே வலுப்பெற்றன. பெரியார் பிற்காலத்தில் ‘கடவுள் இல்லவே இல்லை’ என்று அறுதியிட்டுச் சொன்னவர். நாம் நன்கறிந்த நம்பிக்கையின்மை அந்த ஒரு வடிவமே என்பதால், கோயிலுக்கு வர மனமில்லை என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் அவரைத் திராவிடர் கழகத்துக்காரர் ஆக்கிவிடுகிறோம். பெரியாரின் நிலை வெளிப்படையான, முழுமையான மறுப்பு. நம்பிக்கை இல்லாத எல்லாரும் அந்த இடத்தில் நிற்பவர்கள் அல்லர்.

முதலில் செய்ய வேண்டியது, இரண்டு கேள்விகளை ஒரு தாளில் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று விடை எழுதுவது. ‘கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேனா?’ என்பது முதல் கேள்வி. ‘கடவுள் இல்லை என்று நம்புகிறேனா?’ என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியவுடன், இரண்டாவதற்குக் கை தானாகவே ‘ஆம்’ என்று எழுதப் போகும். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டுக்கும் ‘ஆம்’ என்று எழுதினால்தான் முரண்பாடு.

இதை நம் முன்னோரின் வாழ்விலிருந்தே விளக்கலாம். ஜப்பானியர் ஆட்சியில், குறிப்பாக 1943-இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாமையும் பர்மாவையும் இணைத்த மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை; பலரைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை. அப்படிப் போன ஒருவரின் மனைவி தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் காத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். மாதங்கள் கடக்கின்றன. கணவர் உயிரோடு இருக்கிறார் என்ற நம்பிக்கை அவரிடமிருந்து மெல்லப் போய்விடுகிறது. யாராவது கேட்டால் ‘இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை’ என்பார். ஆனாலும் தாலியைக் கழற்றவில்லை, கருமக்கிரியை செய்யவில்லை. ஏனெனில் கணவர் இறந்துவிட்டார் என்று அவர் முடிவு கட்டவும் இல்லை. 1945-இல் போர் முடிந்து, அதே தோட்டத்திலிருந்து போய்ப் பிழைத்தவர்கள் சிலர் திரும்பி வருகிறார்கள். கணவரைத் தங்கள் கையாலேயே புதைத்ததாகச் சொல்கிறார்கள். அன்றுதான் அந்தப் பெண்மணி இரண்டாவது நிலைக்கு வருகிறார். அந்த ஆண்டிலிருந்து திதி கொடுக்கிறார். முதல் நிலையில் அவரிடம் ஒரு நம்பிக்கை இல்லாமற்போயிருந்தது. இரண்டாம் நிலையில் வேறொரு நம்பிக்கை வந்து சேர்ந்தது. இடையில் வந்தது சாட்சியம். கடவுளைப் பற்றிய பேச்சில் அந்தச் சாட்சியத்துக்கு நிகராக எதையேனும் உங்களால் முன்வைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டால், இரண்டாவது கேள்விக்கு உண்மையான விடை கிடைக்கும்.

அடுத்து, எந்தக் கடவுளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வரையறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தாண்டிவிடக் கூடாத படி இது. தோட்டத்து எல்லையில் காவல் நிற்கும் முனீஸ்வரர், பினாங்கின் தண்ணீர்மலை முருகன், சைவ சித்தாந்தம் கூறும் பதி, கிறிஸ்துவர்கள் தொழும் ஆண்டவர், உலகத்தைத் தொடங்கிவைத்துவிட்டு அதில் தலையிடாத முதற்காரணம் என்று இச்சொல்லுக்குள் எத்தனையோ பொருள்கள் அடங்கியிருக்கின்றன. சாமியாடுபவர்மேல் இறங்குவது முனீஸ்வரர் அல்ல என்று உறுதியாக மறுக்கும் ஒருவர், முதற்காரணத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதவராக இருக்கலாம். முன்னதில் அவர் மறுப்பாளர். பின்னதில் நம்பிக்கை இல்லாதவர், அவ்வளவுதான். சிவவாக்கியர் கல்லை நட்டு வழிபடுவதைக் கடுமையாகச் சாடினார், ஆயினும் இறைவன் உள்ளிருப்பதாகவே பாடினார். அவரை நம்பிக்கை இல்லாதவர் என்று சொல்லவே முடியாது. சமணமோ உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதைத் தெளிவாக மறுத்துவிட்டு, உயிரையும் வினையையும் வீடுபேற்றையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே உங்கள் தாளில் ‘கடவுள்’ என்று எழுதிய இடத்தில் இந்தப் பொருள்களை ஒவ்வொன்றாக வைத்து மறுபடியும் விடை எழுதிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு விடைகள் மாறவே செய்யும்.

மாறும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நேர்த்திக்கடன் வைத்தும் தாய் பிழைக்கவில்லை என்ற துயரத்தில் ‘சாமியாவது பூதமாவது’ என்று சொல்பவர் பெரும்பாலும் கடவுளோடு சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார். இல்லாதவரோடு யாரும் சண்டையிடுவதில்லை. கோயில் நிர்வாகத்தின்மேல் உள்ள வெறுப்பும் அப்படியே. கோபம் அடங்கிய ஒரு நாளில் அதே தாளை எடுத்துப் பார்த்த பிறகே விடையை நம்புங்கள்.

‘தெரியாது’ என்று சொல்பவர்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும். 1869-இல் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி தம் நிலைக்கென்றே ஒரு பெயரை உருவாக்கினார்; தமிழில் அதை அறியொணாவாதம் என்கிறோம். போதிய ஆதாரம் இல்லாத இடத்தில் அறிந்துவிட்டதாகச் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம். அது அறிவைப் பற்றிய நிலை; நம்பிக்கையைப் பற்றிய நம் இரண்டு கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. அறிய முடியாது என்று ஒப்புக்கொண்டே நம்பித் தொழுபவர்கள் உண்டு. அதே காரணத்தால் நம்பாமல் இருப்பவர்களும் உண்டு. எனவே ‘தெரியாது’ என்று சொல்லி அங்கேயே நின்றுவிடாமல், ‘தெரியாது, ஆகவே நம்பவில்லை’ என்றோ ‘தெரியாது, ஆயினும் நம்புகிறேன்’ என்றோ வாக்கியத்தை முடிக்கப் பழகுங்கள்.

யார் நிரூபிக்க வேண்டும் என்பதில்தான் இவ்வேறுபாடு உண்மையில் பயன் தருகிறது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஆண்டனி ஃபுளூ 1972-இல் வெளியிட்ட கட்டுரையில், நாத்திகர் என்ற சொல்லைக் கடவுளை மறுப்பவர் என்று கொள்ளாமல், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்ற அளவில் கொள்ள வேண்டும் என்றும், வாதம் அந்த நிலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றும் வாதாடினார். அவரே 2004-இல் ஒருவகைக் கடவுளை ஏற்பதாக அறிவித்தார் என்பது வேறு செய்தி. நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றிய அவருடைய வாதத்தை அது தொடவில்லை. தத்துவத் துறையில் பலர் இன்றும் அச்சொல்லை மறுப்பாளருக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. பெயர் எதுவாயினும் கணக்கு இதுதான்: ‘நான் நம்பவில்லை’ என்பவர், தமக்குக் காட்டப்பட்ட காரணங்கள் போதவில்லை என்று விளக்கினால் போதும், ‘இல்லை’ என்பவர் தம் பக்கமும் காரணம் காட்டியாக வேண்டும். ‘இருக்கிறார்’ என்பவருக்கும் அதே பொறுப்பு உண்டு.

நீங்கள் மறுப்பாளர் என்றால், அந்தக் காரணங்களைத் தேடி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் வல்லவரும் எல்லையற்ற கருணை உள்ளவருமான ஒருவர் இருந்தால், கைக்குழந்தைகள் நோயில் துடிப்பது ஏன் என்ற வாதம் மிகப் பழையது, வலுவானது. ஆனால் அது அத்தகைய கடவுளுக்கு எதிராக மட்டுமே செல்லும். தலையிடாத முதற்காரணத்தை அது அசைக்காது. வினைப்பயன் என்று விடை சொல்லும் சைவரிடம் வேறு வகையில் வாதிட வேண்டியிருக்கும். ‘இருந்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை’ என்ற வாதம், அடையாளத்தை எதிர்பார்க்க நியாயம் உள்ள இடத்தில் மட்டுமே எடுபடும். ‘யாரும் கண்ணால் பார்த்ததில்லை’ என்பது மறுப்புக்குப் போதாது. நம்பாமல் இருப்பதற்கு வேண்டுமானால் அது ஒரு காரணமாகலாம். பேச்சு மேடைகளில் நான் மிகுதியாகக் காணும் பிழை இதுதான்: நம்பிக்கை இல்லாமைக்கு மட்டுமே போதுமான காரணத்தைக் காட்டிவிட்டு, மறுப்பை நிலைநாட்டிவிட்டதாக எண்ணிக்கொள்வது.

வீட்டில் எப்படிச் சொல்வது? தைப்பூசத்துக்கு முந்திய இரவு. சமையலறையில் அம்மா பால்குடத்தைப் புளி போட்டுத் துலக்கி, குடத்தின் கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறார். ‘நாளைக்கு நீயும் தூக்குறியாய்யா?’ என்று கேட்கிறார். இந்த இடத்தில் ‘கடவுளே இல்ல, எதுக்கும்மா இதெல்லாம்?’ என்று மகன் சொல்லிவிட்டால், தான் உண்மையில் எட்டாத ஒரு முடிவைச் சொல்லி, அம்மாவின் நாற்பது நாள் விரதத்தையும் வீண் என்று தீர்ப்பளித்ததாக ஆகிவிடும். ‘எனக்கு அந்த நம்பிக்கை வரலம்மா. இல்லன்னு நான் சொல்லல. நம்பாம தூக்குனா உங்களுக்கும் எனக்கும் பொய்யா இருக்கும். ஆனா மலை ஏறுற வரைக்கும் கூட வரேன், தண்ணி எடுத்துக்கிட்டு வரேன்’ என்று சொல்பவன் தன் நிலையை உள்ளபடி சொல்கிறான். மறுப்பாளராக இருந்தால் அதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘இல்லை என்பதே என் முடிவு, காரணத்தைக் கேட்டால் சொல்கிறேன்’ என்று சொல்லலாம். ஆனால் விரதமிருப்பவரிடம் விழா நாளில் வாதத்தைத் தொடங்காமல், அவர் அமைதியாக அமர்ந்திருக்கும் மற்றொரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ‘நம்பிக்கை இல்லை’ என்றால், ‘இல்லை என்றே முடிவு செய்துவிட்டாயா, அல்லது நம்பிக்கை வரவில்லையா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பல பெற்றோரின் மனத்தில் இருக்கும் அச்சம் தத்துவம் சார்ந்ததே அல்ல; ‘எனக்குக் கொள்ளி வைக்க மாட்டானோ’ என்பதுதான். அதை நேராகக் கேட்டுவிடலாம். நம்பிக்கை இல்லாத பிள்ளைகளும் பெற்றோர் விரும்பிய சடங்கைப் பெற்றோருக்காகச் செய்ய ஒப்புக்கொள்வதுண்டு.

வீட்டுக்கு வெளியே, மலேசிய நாட்டின் அமைப்பையும் அறிந்து பேச வேண்டும். 1970 ஆகஸ்ட் 31-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடு இறைவன்மீது நம்பிக்கை வைத்தல். பள்ளிச் சபைகூடலில் பிள்ளைகள் அதை ஒப்புவிக்கிறார்கள். ஒப்புவிப்பதைக் கொண்டு ஒருவர் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. படிவங்களில் வரும் மதம் என்ற கட்டமும் பெரும்பாலும் எந்தச் சமூகத்தைச் சார்ந்தவர் என்பதையே காட்டுகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்துக்கள் 6.1 விழுக்காடு, அவர்களுள் எத்தனை பேர் நம்புகிறவர்கள் என்பதை அந்த எண் சொல்லாது. ஆகவே குடும்ப வழக்கப்படி ‘இந்து’ என்று எழுதுவது பொய் சொல்வதாகாது என்றே கருதுகிறேன்; வேறு விடை எழுதும் உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இஸ்லாமியராகப் பதிவு பெற்றவர்களுக்கு மாநில ஷரியா சட்டங்கள் பொருந்துவதால், அவர்கள் பொதுவில் பேசும் முன் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

திருமணத்தில்தான் இந்த வேறுபாடு நடைமுறையில் கூர்மையாக எழும். 1982 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, இஸ்லாமியர் அல்லாதவர்கள் பதிவதிகாரி முன் இரண்டு சாட்சிகளோடு செய்துகொள்ளும் திருமணம் எந்தச் சமயச் சடங்கும் இன்றியே செல்லும். எனவே கோயிலில் தாலி கட்டுவதா என்பது இரு வீட்டாரும் பேசி முடிக்க வேண்டிய விஷயமே தவிர, சட்டம் கேட்கும் விஷயம் அன்று. நம்பிக்கை மட்டும் இல்லாதவர் அதற்கு எளிதில் இசையலாம். மறுப்பைக் கொள்கையாகக் கொண்டவருக்கு அது மனச்சான்றைத் தொடும் விஷயமாக இருக்கலாம். உங்கள் நிலை எது என்பதை நிச்சயதார்த்தத் தேதி குறிப்பதற்கு முன்பே மணமகள் அல்லது மணமகனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.