கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கைச் செயற்கைக்கோள் படத்தில் தேடுவது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டில், பை எதுவும் தனியாகத் தெரியாது. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் இலவசப் படங்களில், மிக நுணுக்கமான பட்டைகளிலும் (ஒளியின் ஒவ்வொரு அலைநீளப் பகுதிக்கும் ஒரு பட்டை) ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நீரோட்டம் குப்பையை ஒன்றுசேர்த்து நீளமான வரியாக ஒதுக்கினால்தான் ஏதோ மிதக்கிறது என்று தெரியும். அந்த 'ஏதோ' பாசியா, நுரையா, குப்பையா என்று பிரிப்பதுதான் வேலை.

படி 1: இடம், நாள்

ஆற்று முகத்துவாரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கனமழைக்கு அடுத்த சில நாட்களில்தான் கரையோரக் குப்பை கடலுக்குள் அடித்துக்கொண்டு வரும். சென்டினல்-2 ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் பாதிப் படங்களை மேகமே மறைத்துவிடும். ஒரே வெள்ளத்தை நம்பாமல், சில வருடங்களின் மழைக்காலங்களைத் துழாவிப் பாருங்கள்.

படி 2: படத்தை இறக்கித் திருத்துதல்

சென்டினல் படங்கள் கிடைக்கும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் இணையதளத்தில் இலவசக் கணக்கு போதும். எல்1சி படத்தை (வளிமண்டலத் திருத்தம் செய்யாதது) இறக்கி, அக்கோலைட் என்ற இலவச மென்பொருளில் வளிமண்டலத் திருத்தம், அதாவது காற்றால் படத்தில் கலந்த ஒளியை நீக்குவது, செய்யுங்கள். ஏற்கெனவே திருத்திய எல்2ஏ படம் இருக்கும்போது இது எதற்கு? காரணம் படி 5-இல் வரும்.

படி 3: நிலத்தை மறைத்தல்

வழக்கமாக என்டிடபிள்யூஐ என்ற நீர்க் குறியீட்டால் நிலத்தை வெட்டுவார்கள். இங்கே அது ஒரு பொறி. மிதக்கும் குப்பையும் அந்தக் குறியீட்டில் நிலம் போலவே தெரியும், தேடுவதையே அழித்துவிடுவீர்கள். பல மாதப் படங்களின் இடைநிலை மதிப்பிலிருந்து கரைக்கோட்டை எடுத்துக்கொள்வது நல்லது.

படி 4: இரண்டு குறியீடுகள்

தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், மிதக்கும் பொருள் திருப்பி அனுப்பும். 2020-இல் வெளியான எஃப்டிஐ என்ற மிதக்கும் குப்பைக் குறியீடு இதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பி6 (சிவப்பு விளிம்பு), பி11 (குற்றலை அகச்சிவப்பு) பட்டைகளிலிருந்து ஓர் எதிர்பார்ப்பு மதிப்பைக் கண்டு, அதை பி8-இலிருந்து (அண்மை அகச்சிவப்பு) கழிக்க வேண்டும்:

எஃப்டிஐ = பி8 − [பி6 + (பி11 − பி6) × 1.78]

பி6, பி11 இரண்டும் 20 மீட்டர் பட்டைகள் என்பதால் முதலில் 10 மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இது 'மிதக்கிறது' என்று மட்டும்தான் சொல்லும். அடுத்தது என்டிவிஐ என்ற தாவரக் குறியீடு: (பி8 − பி4) ÷ (பி8 + பி4). பி4 சிவப்புப் பட்டை. பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் பாசிக்கு இந்த எண் எகிறும், பிளாஸ்டிக்குக் குறைவாகவே இருக்கும். இரண்டையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டால் கூட்டங்கள் பிரிவது கண்ணுக்கே தெரியும். நானாக இருந்தால், குப்பையைத் தானே அடையாளம் காணும் கணினி மாதிரிக்கு (மாடல்) போகுமுன் இதில் ஒரு முழு நாள் செலவிடுவேன்.

படி 5: பயிற்சி

நாமே உட்கார்ந்து குறியிட வேண்டாம். 2022-இல் வெளியான மரிடா தரவுத்தொகுப்பில் 1,381 படத்துண்டுகள், 15 வகைகளாகப் பிக்சல் பிக்சலாகக் குறியிடப்பட்டிருக்கின்றன. கடற்குப்பை, பாசி, கப்பல், நுரை, மேகம் எல்லாம் உண்டு. அவை அக்கோலைட்டில் திருத்தியவை. நீங்கள் எல்2ஏ படத்தைக் கொடுத்தால், மாதிரி படித்தது ஒன்று, பரீட்சைக்கு வருவது வேறொன்று என்றாகிவிடும்.

பைத்தான் நிரல்மொழியில் சைகிட்-லேர்ன் நூலகத்தின் ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களின் வாக்கெடுப்பு) போதும், ஆரம்பத்திலேயே யு-நெட் என்ற நரம்பு வலையமைப்பு வேண்டாம். பட்டைகளோடு அந்த இரண்டு குறியீடுகளையும் உள்ளீடாகக் கொடுங்கள். குப்பைப் பிக்சல்கள் சொற்பம் என்பதால் அரிய வகைக்குக் கூடுதல் எடை தந்து சமன்செய்யும் அமைப்பையும் போட்டுவிடுங்கள்.

படி 6: சோதனை

நான் சறுக்கியது இங்கேதான். பிக்சல்களைக் கலைத்துப் போட்டுப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தேன். துல்லியம் பிரமாதமாக வந்தது. புதிய படத்தைக் கொடுத்ததும் கப்பல் போன தடமெல்லாம் குப்பை என்றது! பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இரு பக்கமும் சிதறியதால், அந்த மாதிரி, விடையைப் பார்த்து எழுதியிருக்கிறது. படம் படமாகத்தான் பிரிக்க வேண்டும். மரிடாவில் தரும் பிரிப்பையே பயன்படுத்தலாம். மொத்தத் துல்லியத்தை விட்டுவிட்டு, குப்பை வகையின் எஃப்1 மதிப்பை (தவறான பிடிப்பு, தவறவிட்டது இரண்டையும் சேர்த்து எடைபோடும் எண்) மட்டும் பாருங்கள்.

அப்புறம், மாதிரி காட்டும் ஒவ்வொரு திட்டையும் இயல்நிறப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் அது நகரும் படகு, பட்டைகள் நொடிக்கணக்கில் முன்பின்னாகப் பதிவாவதால் வருவது. மீதி நிற்பவற்றை வரைபடத்தில் 'பிளாஸ்டிக்' என்று எழுதாமல், 'மிதக்கும் குப்பை: சந்தேகம்' என்று எழுதிவையுங்கள். படகில் போய்ப் பார்த்தவர் யாராவது சொன்ன பிறகு பெயரை மாற்றிக்கொள்ளலாம்.