அத்தையோடு ஒரு நாள் அருங்காட்சியகத்தில்

டிசம்பர் விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் கோலாலம்பூருக்குத் திரும்பும் நம் உறவுகளுக்கு ஒரு பட்டியல் மனப்பாடம்: பத்துமலை, இரட்டைக் கோபுரம், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை. இம்முறை இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். அன்று வேறு எதையும் சேர்க்க வேண்டாம். பறவைப் பூங்கா, தேசிய அருங்காட்சியகம், இது என்று மூன்றையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டக் கிளம்பி, அத்தையின் கால் வீங்கி, மறுநாள் கல்யாண வீட்டில் அவரை நாற்காலியிலேயே உட்காரவைத்த பாவம் என்னுடையது.

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் ரயிலில் ஒரே நிறுத்தம். 1910இல் கட்டிய பழைய ரயில் நிலையத்தில் இறங்கினால், தேசியப் பள்ளிவாசலைத் தாண்டி நடக்கும் தூரம்தான். பெரியவர்கள் உடன் வந்தால் அந்த வெயிலில் நடக்கவிடாதீர்கள். கிராப் வாடகைக் கார் பிடித்து வாசலிலேயே இறக்குங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்க்கலாம். தொழுகைக்கு வருகிற கூட்டத்தில் அந்தச் சாலை நகராது.

காலையில் நன்றாகப் பசியாறிவிட்டுத் திறந்தவுடனே நுழைந்துவிடுங்கள். உள்ளே குளிர்சாதனம் எலும்பைத் தொடும், சால்வை அவசியம். பிள்ளைகளின் மாணவர் அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

1998இல் திறந்த கட்டடம் இது. மேலே பார்க்க மறக்காதீர்கள்: குவிமாடம் ஒன்றைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறார்கள். கூரையிலிருந்து பெரிய உருளி ஒன்று தொங்குவதுபோல் இருக்கும். நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இரண்டு தளங்களில் உள்ளன. கட்டடக்கலைக் கூடத்தில் உள்ள பள்ளிவாசல் மாதிரிகளைப் பிள்ளைகள் விட்டு வரமாட்டார்கள். 1820களில் சிரியாவில் செய்த மரவேலைப்பாட்டு அறை ஒன்றையும் அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது சீனக் கூடம். தூரிகையால் எழுதிய அரபு எழுத்து, சீன ஓவியம்போலவே வளைந்து நெளியும். ஆயுதங்களை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். வாள் பைத்தியம் உள்ளவர்கள் என்னை மன்னிக்கட்டும்.

துணிகளுக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது வையுங்கள். கிள்ளானில் முப்பது ஆண்டுகள் ரவிக்கை தைத்த என் அத்தை, சொங்கேட் என்னும் மலாய் நெசவுத் துணி ஒன்றின் முன் கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றுவிட்டார். பர்மிங்காமில் வளரும் பேத்தியை இழுத்து, "இங்கே பார் கண்ணு, இந்தப் பூவெல்லாம் அச்சு இல்லை. தறியில் ஓடும்போதே தங்க இழையைக் கூடுதலாகக் கொடுத்து எடுத்தது. நம் பட்டுச்சேலை முந்தியிலும் இதே வேலைதான்" என்றார். சொங்கேட் என்ற பெயரே மலாயில் கோத்து எடுப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அங்கே காவலுக்கு நின்ற மலாய் அம்மா அத்தையின் கை அசைவைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். பிறகு இருவரும் மலாயில் பேசத் தொடங்கினார்கள்; பேத்திக்கு அதில் 'பாட்டி' மட்டும் புரிந்தது. மறுநாள் மஸ்ஜித் இந்தியாவில் அவள் ஒவ்வொரு சேலையையும் திருப்பிப் பின்பக்கம் பார்க்க, கடைக்காரர் முகம் சுருங்கியது.

அதனால் சொல்கிறேன், பெரியவர்களை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். விளக்க அட்டை ஆங்கிலத்தில் சொல்வதைவிட அவர்கள் கூடுதலாகச் சொல்வார்கள். ஆனால் மணிக்கொரு முறை உட்காரவையுங்கள்.

உள்ளேயே மத்தியக் கிழக்கு உணவகம் உண்டு. நான் பசியைப் பொறுத்து, பார்த்து முடித்தபின் பிரிக்பீல்ட்ஸ் வந்து வாழை இலைச் சாப்பாட்டில் உட்காருவேன். இரண்டரை மணிக்கு மேல் போனால் கூட்டம் குறைந்திருக்கும், பொரித்த பாகற்காயும் தீர்ந்திருக்கும். குடை எடுத்துக்கொள்ளுங்கள், டிசம்பரில் பிற்பகல் மழை பெரும்பாலும் தவறாது.