நீர்க்கடுப்பு வராமல் இருக்க: சிறுநீர்ப் பாதைத் தொற்றின் காரணங்களும் தடுக்கும் வழிகளும்

நீர்க்கடுப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படும் காரணம் உடம்புச் சூடு என்பதுதான். கால் கட்டைவிரலில் சுண்ணாம்பைத் தடவி, பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்து, வெயிலில் அலைந்ததற்காக இரண்டு வார்த்தை திட்டவும் செய்கிற பாட்டிமார் சிங்கப்பூரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. வியர்த்துக் கொட்டும் நாளில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தரும். போதிய தண்ணீர் உள்ளே போனதும் சில மணி நேரத்தில் அது அடங்கிவிடும். அப்படி அடங்காமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முட்டிக்கொண்டு வந்து, போனால் நாலு சொட்டு மட்டும் எரிச்சலோடு இறங்கி, அடிவயிறு வலித்து, சிறுநீர் கலங்கியோ இரத்தம் கலந்தோ வந்தால் அது சூடு அல்ல, பெரும்பாலும் தொற்று. சுண்ணாம்பு கிருமியைக் கொல்லாது.

இந்தத் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இ.கோலை என்னும் பாக்டீரியா. அது வெளியிலிருந்து வரும் அந்நியன் அல்ல. நம் குடலில் அமைதியாகக் குடியிருப்பது. ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலிலிருந்து நகர்ந்து சிறுநீர்த் துவாரத்தை அடைந்து மேலே ஏறும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே கொண்டது, ஆண்களுக்கோ அது 20 சென்டிமீட்டர் அளவு இருக்கும். கிருமி கடக்க வேண்டிய தூரம் குறைவு என்பதால்தான் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. சுத்தமில்லாததால் வந்தது என்று ஒரு பெண்ணைக் குறை சொல்வது தவறு என்பதற்கு இந்த ஓர் அளவே போதும்.

உள்ளே ஏறிய கிருமியை வெளியே தள்ளுவது சிறுநீரின் ஓட்டம். சாதகமான சூழலில் இ.கோலை ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. சிறுநீர்ப்பையில் அவ்வளவு வேகம் இல்லாவிட்டாலும், ஆறு ஏழு மணி நேரம் தேங்கிய சிறுநீர் அதற்குப் போதிய அவகாசம் கொடுத்துவிடும். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில், அதாவது உடலின் இயற்கை உந்துதல்களில், சிறுநீரையும் சேர்த்துச் சொன்ன சித்த மருத்துவ மரபு இந்த இடத்தில் சரியாகவே சொல்லியிருக்கிறது.

ஆகவே தடுப்பு என்பது பெரும்பாலும் ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்கிறோம் என்பதில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த என் பெரியம்மா, நடுவழியில் கழிவறை தேட நேருமே என்று முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். செராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, வரிசையில் நின்று, வீடு திரும்பியபோது பிற்பகலாகிவிட்டது. மறுநாள் காலை கழிவறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் கோக்க, உள்ளே போகவே பயந்து நின்றார். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று முருகன் எங்கும் சொல்லவில்லை.

அவர் ஒரு நாள் செய்ததைப் பலர் ஆண்டு முழுவதும் செய்கிறார்கள். பேருந்து ஓட்டுநர், கடையில் தனியாக நிற்கும் காசாளர், அடுத்தடுத்து வகுப்புள்ள ஆசிரியை, கட்டுமானத் தளத்தில் கழிவறை தொலைவில் உள்ள ஊழியர் என எல்லாருமே கழிவறைக்குப் போக முடியாது என்பதற்காகத் தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். வீட்டுப் பணிப்பெண் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதிதாக வந்தவர் கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீர் உண்மையிலேயே உதவுமா என்ற கேள்விக்கு நல்ல சான்று இருக்கிறது. 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், அடிக்கடி தொற்று வந்துகொண்டிருந்த, குறைவாக நீர் அருந்தும் பழக்கமுள்ள 140 பெண்களில் பாதிப் பேர் வழக்கத்தைவிட நாளுக்கு 1.5 லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை வந்தது. அரை லிட்டர் போத்தல் ஒன்றை வைத்துக்கொண்டு, காலையில் ஒன்று, மதிய உணவுக்குள் ஒன்று, மாலைக்குள் ஒன்று என்று முடித்தால் அந்த அளவு வந்துவிடும். இங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் போத்தலை நிரப்புவதில் சிரமமில்லை. காப்பிக்கடைப் பார்லியும் நீர்தான், ஆனால் அதில் உள்ள சீனி வேண்டாத வரவு. சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும். தே-ஓ எனப்படும் பாலில்லாத் தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டால் போத்தலை எடுங்கள். இதயச் செயலிழப்போ நாட்பட்ட சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போய்விடுங்கள். எம்ஆர்டி ரயிலில் நீண்ட பயணம் புறப்படும் முன் நிலையத்துக் கழிவறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பொதுக் கழிவறையில் இருக்கையைத் தொடாமல் அரைகுறையாகக் குந்தியபடி போவது பல பெண்களின் வழக்கம். அந்த நிலையில் இடுப்புத் தசைகள் தளராததால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். இருக்கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து நிதானமாகப் போவதே மேல். இருக்கையிலிருந்து இந்தத் தொற்று வருவதில்லை, பயப்பட வேண்டாம்.

கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். குழாயைப் பின்னாலிருந்து முன்னோக்கிப் பீய்ச்சினால் போகக் கூடாத இடத்துக்குத் தண்ணீர் கிருமியைக் கொண்டுசேர்க்கும். வாசனைத் திரவங்களாலும் வீரியமான சோப்பாலும் பிறப்புறுப்பின் உட்புறம் கழுவுவது நன்மை செய்யும் பாக்டீரியாவையும் அழித்துவிடும். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீரே போதும். பருத்தி உள்ளாடை குறித்த சான்று அவ்வளவு வலுவானதல்ல, ஆனாலும் நம் புழுக்கத்துக்கு அது இதம்.

தாம்பத்திய உறவின்போது கிருமி உள்ளே தள்ளப்படுவது இயல்பு. உறவுக்குப் பின் சிறிது நேரத்தில் சிறுநீர் கழித்துவிடுவது செலவில்லாத வழி. விந்தணுக்கொல்லி பூசிய ஆணுறைகளும் களிம்புகளும் தொற்றின் வாய்ப்பைத் தெளிவாகக் கூட்டுகின்றன. அடிக்கடி அவதிப்படுவோர் வேறு கருத்தடை முறைக்கு மாறலாம்.

மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதால் அப்பகுதியின் தோல் மெலிந்து, காவல் காக்கும் பாக்டீரியாவும் குறைகிறது. அம்மாக்கள் இதை வயதின் விதி என்று பொறுத்துக்கொள்கிறார்கள். பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு மறுபடி மறுபடி வரும் தொற்றைக் குறைக்கிறது என்பதால், மருத்துவரிடம் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். நீரிழிவுள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். மலச்சிக்கலும் சிறுநீர்ப்பையை அழுத்தித் தேக்கத்தை உண்டாக்கும், குறிப்பாகக் குழந்தைகளிடம். கர்ப்பிணிகளுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிறுநீர் பரிசோதிக்கப்படுகிறது. கிருமி இருந்தால் அது சிறுநீரகத்துக்கு ஏறக்கூடும் என்பதால் அந்தச் சிகிச்சையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆண்களுக்கு வந்தால், புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமோ சிறுநீர்ப் பாதையில் கல்லோ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கிரான்பெர்ரி தயாரிப்புகள் அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் ஓரளவு தடுக்கின்றன. வந்துவிட்ட தொற்றைக் குணப்படுத்துவதில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் கிரான்பெர்ரியைத் தொடக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு வந்துவிட்டால், பலதுறை மருந்தகத்துக்கோ அருகிலுள்ள தனியார் மருந்தகத்துக்கோ அன்றே போங்கள். அரசின் சமூக சுகாதார உதவித் திட்டமான சாஸின் அட்டை இருந்தால் அதன் நிறத்துக்கேற்ப மானியம் கிடைக்கலாம். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பரிசோதனைக்குப் பிடித்துக் கொடுங்கள். ஊருக்குப் போனபோது வாங்கிவந்த ஆன்டிபயாடிக் அட்டையில் மிச்சமிருக்கும் நாலு மாத்திரையை விழுங்குவது நம்மவர்களிடம் காணும் மோசமான வழக்கம். அந்த மருந்து இந்தக் கிருமிக்குப் பொருந்தாமல் போகலாம். அரைகுறை அளவு கிருமியை மருந்துக்குப் பழக்கப்படுத்திவிடும். பிறகு எடுக்கும் வளர்ப்புச் சோதனையிலும், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையிலும், கிருமி தெரியாமல் போகலாம்.

ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருப்பது, உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதித்து வருகிறார்கள், ஆகவே அதன் பின் இங்கே பிறந்தவர்களுக்கு அம்மாவிடம் கேட்டாலே தெரிந்துவிடும். இத்தொற்றுக்கு வழக்கமாகத் தரப்படும் நைட்ரோஃபுரான்டாயின், கோ-டிரைமாக்சசோல் ஆகிய மருந்துகள் அவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம் என்பதால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மயக்கமோ திடீர்க் குழப்பமோ மூச்சுத் திணறலோ இருந்தால் சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஓராண்டில் மூன்று முறையோ வந்தால், ஒவ்வொரு முறையும் மாத்திரை மட்டும் வாங்கித் திரும்பாமல், வளர்ப்புச் சோதனை முடிவுகளைத் தேதியோடு சேர்த்து வைத்து, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஆராயும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.