கட்ஸ் வேண்டுமென்று பளுவைக் குறைக்காதீர்கள்

கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ மாலை ஏழு மணிக்கு ஒரு ஜிம்முக்குள் போய்ப் பாருங்கள். ஆறு மாதம் ஒழுங்காகத் தூக்கி, மார்பும் தோளும் கொஞ்சம் திரண்டு வந்த பையன் ஒருவன் அக்கா கல்யாணத்துக்குள் "கட்ஸ் கொண்டுவரணும்", அதாவது தசைக் கோடுகள் தெரிய வேண்டும் என்று முடிவெடுத்திருப்பான். மறுநாளே 60 கிலோ பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பளுவை மேலே தள்ளுவது) 30 ஆகிவிடும், எட்டு ரெப் (ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) இருபத்தைந்தாகிவிடும், சோறு பாதியாகிவிடும். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் கை மெலிந்து, தோள் சரிந்து, வயிற்று மடிப்பு மட்டும் அப்படியே இருக்கும். ஜிம்மில் பழைய ஆட்கள் பலரும் ஒருமுறை செய்து பார்த்த முட்டாள்தனம்தான் இது. வார்ம்அப் இல்லாமல் தூக்குவது, முதுகை வளைத்து டெட்லிஃப்ட் செய்வது போன்றவை ஜிம் சுவரிலேயே ஒட்டியிருக்கும், அவற்றை விட்டுவிடலாம்.

"அதிகப் பளு சைஸுக்கு, குறைந்த பளு கட்ஸுக்கு"

இந்தப் பேச்சுக்குச் சாவே கிடையாது போலிருக்கிறது. தசை இழை தடிக்கும், இல்லையென்றால் மெலியும். ‘செதுக்கும்’ ரெப் என்று தனியாக ஒன்றும் இல்லை. தடித்த தசையின் மேல், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மெலியும்போது தெரியும் கோடுகளைத்தான் கட்ஸ் என்கிறோம். தசையைக் காப்பது பளுவின் வேலை, கொழுப்பைக் குறைப்பது சாப்பாட்டின் வேலை. பையன் இரண்டாவது வேலையையும் பளுவின் தலையில் கட்டிவிட்டு முதலாவதைக் கைவிட்டுவிட்டான்.

அதுவும் தப்பான நேரத்தில். சாப்பாடு குறையும் காலத்தில் தசை என்பது உடலுக்குத் தீனி கேட்கும் சுமை. "இது இன்னும் வேண்டும்" என்று வாராவாரம் உடலுக்குச் சொல்லிக்கொண்டிருப்பது பாரில், அதாவது தூக்கும் கம்பியில், இருக்கும் பளு. அதைப் பாதியாக்கினால் தசையும் மெதுவாகக் கழியத் தொடங்கும். லேசான பளுவும் தசையை வளர்க்கும், முப்பது ரெப் வரைகூட. ஆனால் கடைசி ரெப்கள் தானாக மெதுவாகி, இன்னும் ஒன்று இரண்டுதான் முடியும் என்ற நிலை வரைக்கும் போக வேண்டும். நாற்பது முடிகிறவன் இருபத்தைந்தில் நிறுத்தினால் வியர்வையும் எரிச்சலும்தான் மிச்சம்.

75 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கணக்கு. 60 கிலோவை எட்டு ரெப், நான்கு செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) செய்துகொண்டிருந்தால் அதே 60ஐ மூன்று செட் செய்யுங்கள். குறைக்க வேண்டியது செட்டை. பெரிய தூக்குகளுக்கு நடுவே இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வு. தினசரி சாப்பாட்டில் 300 முதல் 500 கலோரி குறையட்டும். ஒரு ரொட்டி சானாயே ஏறக்குறைய 300. மாமாக் கடையில் தே தாரிக்குக்குப் பதிலாகப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டால் பாதி தூரம் தாண்டியாயிற்று. வாரத்துக்கு 300 முதல் 450 கிராம் வரை இறங்கினால் போதும். 750ஐத் தாண்டி வேகமாக இறங்கினால் தசையும் சேர்ந்து போகும்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமாவது வேண்டும், அதாவது 120 கிராம். வேகவைத்த கோழி மார்பு 200 கிராமில் 60, மூன்று முட்டையில் 18, தெம்பே (புளிக்க வைத்த சோயா) 100 கிராமில் ஏறக்குறைய 19, மீன் ஒரு துண்டில் 20. மிச்சம் பருப்பிலும் பாலிலும் வந்துவிடும்.

முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ சட்டென்று இறங்கினால் துள்ள வேண்டாம். தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து குறையும்போது, அதைப்போல மூன்று மடங்கு தண்ணீரும் கூடவே போகிறது. தசை தட்டையாகத் தெரிவதும் அதனால்தான். தொப்புள் உயரத்தில், காலையில், வெறும் வயிற்றில் டேப் வைத்து அளந்தால் உண்மை தெரியும். இரண்டு வாரத்துக்குள் 60 கிலோவில் எட்டு ரெப் ஐந்தாகிவிட்டால் தூக்கத்தையும் தட்டையும் பாருங்கள், 200 கலோரி கூட்டுங்கள். பாரில் கை வைக்காதீர்கள்.

வயிற்றை மட்டும் கரைப்பது

கரையாது. படுத்தபடி மேலுடலைத் தூக்கும் கிரஞ்ச் வயிற்றுத் தசையைத் தடிக்க வைக்கும், அதன் மேலிருக்கும் கொழுப்பு அப்படியே இருக்கும்.

பிளாஸ்டிக் ஜாக்கெட்

வியர்க்க வைத்து எடை குறைக்க அதைப் போட்டால் போவது தண்ணீர்தான். நம் ஊர் வெக்கையில் ஆளையும் சாய்க்கும்.

"பத்துமலை ஏறுகிறேன், லெக் டே வேண்டாம்"

272 படி மூச்சுக்கு நல்லது. கால் பயிற்சி நாளான லெக் டேயை அது ஈடுகட்டாது, தொடைக்கு வேண்டியது பளுவோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்.

"ஆம்பளை மாதிரி ஆகிடுவேன்"

பல பெண்கள் இரண்டு கிலோ டம்பெல்லோடு ஒரு வருடம் நின்றுவிடுவது இந்தப் பயத்தில்தான். பெண்ணின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பத்து ரெப்பில் திணற வைக்கும் பளுவை எடுத்தால்தான் அவர்கள் கேட்கும் அந்த "டோன்" வரும்.

தைப்பூச விரதம்

48 நாள் விரதத்தில் கோழி, மீன், முட்டை எல்லாம் ஒரே நாளில் நின்று, தட்டில் சோறும் சாம்பாரும் மிஞ்சும். 120 கிராம் புரதம் பாதிக்கும் கீழே போய்விடும். தெம்பேயும் கெட்டித் தவ்ஹூவும் (டோஃபு) தயிரும் தினமும் இருக்கட்டும். வாரம் இரண்டு நாள், பெரிய தூக்குகள் மட்டும், இரண்டே செட், பழைய பளு. ஒருவேளைச் சாப்பாடு என்று நேர்ந்திருந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கலாம். காவடி எடுப்பவர் கடைசி வாரம் ஜிம் பக்கம் வராமல் நன்றாகத் தூங்கட்டும். ஒரு வாரத்தில் தசை எங்கும் போய்விடாது.