கையில் முற்றிய தோல் புற்று: செய்ய வேண்டியவை

காரைக்குடிப் பக்கம் பலகார அடுப்பில் எண்ணெய் கொட்டி ஆறிய தழும்பு, பல ஆண்டு கழித்துப் புண்ணாகத் திறந்தால் மஞ்சள் பற்றுப் போட்டு மூடாதீர்கள். கையில் வரும் தோல் புற்றில் பெரும்பாலானது, தோலின் மேலடுக்கில் தொடங்கும் செதிள் செல் வகை. பழைய தீத்தழும்பிலும் வெயில் படும் புறங்கையிலும் வரும். ஓரம் தடித்து வெளிப்பக்கம் மடங்கி, தொட்டாலே ரத்தம் கசிந்தால் சந்தேகம் வலுக்கிறது.

முதல் வேலை சதைப் பரிசோதனை. புண்ணின் ஓரத்திலிருந்து ஆழமாக எடுக்க வேண்டும். நடுவில் செத்த சதையே இருக்கும். அதை மட்டும் எடுத்தால் ‘புற்று இல்லை’ என்று தப்பான முடிவு வரலாம். கத்தி பட்டால் பரவும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. முழங்கையின் உட்பக்கத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். புண்ணில் சீழ் பிடித்தாலும் நெறி கட்டும் என்பதால், ஊசியால் உறிஞ்சிப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். எலும்பில் இறங்கியிருக்கிறதா என்பதற்கு எக்ஸ்ரே, தசைநாருக்கு எம்ஆர்ஐ.

முற்றிய கட்டியானாலும் முதல் சிகிச்சை பெரும்பாலும் அறுவைதான். சுற்றி ஒரு சென்டிமீட்டர் அளவுக்காவது நல்ல தோலையும் சேர்த்தெடுத்து, வேறிடத்துத் தோலை ஒட்டுவார்கள். எலும்பில் இறங்கிய விரலைக் காப்பாற்ற அடம்பிடிப்பதில் பயனில்லை. கட்டைவிரல் என்றால் மட்டும், எவ்வளவு மிச்சம் வைக்கலாம் என்று கேளுங்கள். ஓரத்தில் புற்று மிஞ்சினாலோ நெறியில் இருந்தாலோ கதிர்வீச்சு சேரும். அது வாரம் ஐந்து நாள், ஏறக்குறைய ஆறு வாரம். காரைக்குடியிலிருந்து மதுரைக்குத் தினமும் போய்வந்தால் உடம்பு தாங்காது. அங்கேயே தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வெட்டவும் முடியாமல் கதிரும் பொருந்தாமல் போனால் செமிப்ளிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி சுருங்குகிறது, விலைதான் கடுமை. முதலமைச்சர் காப்பீட்டில் எதெல்லாம் சேரும் என்று சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள்.

வீட்டில் புண்ணைக் கழுவ, கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் உப்பு. புண்ணில் ஒட்டிய கட்டுத்துணியை நனைக்காமல் இழுத்தால் ரத்தம் பீறிடும். நனைத்து ஊறவைத்து எடுத்து, வாசலின் தடவிய வலைத்துணி வையுங்கள். நாற்றத்துக்குக் காரணம் செத்த சதையில் வளரும் கிருமி. மருத்துவரிடம் கேட்டு மெட்ரோனிடசோல் ஜெல் தடவலாம். ரத்தம் வந்தால் கையைத் தூக்கிவைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்ப்பதால்தான் நிற்காமல் போகிறது. நின்றபாடில்லை என்றால் 108. வலிக்கு மார்பின் கொடுத்தால் மலச்சிக்கல் மருந்தும் அன்றே தொடங்க வேண்டும்.

அக்குள் நெறியை எடுத்த கையில் ஊசியும் பிபி பட்டையும் வேண்டாம். கை வீங்கினால் உடனே காட்டுங்கள். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கொருமுறை தழும்பையும் அக்குளையும் பரிசோதிக்கப் போக வேண்டும்.