கெய்கர் கருவியின் பேட்டரி: சார்ஜ் செய்வதும் காப்பதும்

கையடக்கக் கெய்கர் கருவியில் பேட்டரி தீர்ந்து திரை அணைந்துவிட்டால் ஆபத்தில்லை, வேலை நின்றது என்று தெரிந்துவிடும். அணைவதற்குச் சற்று முன்னால், கதிர்வீச்சைக் குறைத்துக் காட்டிக்கொண்டு ஓடும் நேரம்தான் ஆபத்து. இத்தகைய கருவிகள் பலவற்றில் கதிர்வீச்சை உணரும் எஸ்பிஎம்-20 என்ற குழாய்க்கு சுமார் 400 வோல்ட் தேவை. செல்லின் 3.7 வோல்ட்டை உள்ளே இருக்கும் சிறிய சர்க்யூட் அந்த அளவுக்கு உயர்த்துகிறது. 350 முதல் 475 வோல்ட் வரை குழாய் ஏறக்குறைய ஒரே அளவில் எண்ணும். அதற்குக் கீழே போனால், கதிர் படும்போது குழாயில் எழும் மின் துடிப்புகள் எண்ணப்படாமல் விட்டுப்போகும். நன்றாக வடிவமைத்த கருவி, செல் இறங்கினாலும் உயர் மின்னழுத்தத்தைப் பிடித்து நிறுத்தி, முடியாதபோது தானே அணையும். மலிவான கிட்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. ஆகவே பேட்டரி எச்சரிக்கை வந்தபின் எடுத்த அளவுகளைப் பதிவேட்டில் எழுதாதீர்கள்.

சார்ஜ் செய்யக் கருவியை அணைத்துவிட்டு, 5 வோல்ட் தரும் சாதாரண சார்ஜரில் மாட்டுங்கள். சி-டைப் துளை இருந்தும் இருமுனையும் சி-டைப்பான கேபிளில் சார்ஜ் ஏறவில்லையா? கருவி கெட்டுவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். துளைக்குப் பின்னால் இருக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் விட்டிருந்தால், சார்ஜர் கருவியை அடையாளம் காணாமல் மின்சாரமே தராது. ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி ஆன கேபிளை மாட்டினால் ஏறிவிடும்.

2000 எம்ஏஎச் செல்லுக்கு 500 மில்லி ஆம்பியர் சார்ஜ் என்றால் 4 மணி நேரத்தில் முடியாது, 5 மணி நேரம் ஆகும். 4.2 வோல்ட்டைத் தொட்டபின் கரண்ட் படிப்படியாகக் குறைந்து சொட்டுச் சொட்டாக ஏறுவதே காரணம். செல்லின் வெப்பநிலை 0 முதல் 45 டிகிரி செல்சியசுக்குள் இருக்கட்டும். வெயிலில் நின்ற காருக்குள்ளிருந்து எடுத்த கருவியை உடனே மாட்டாமல், நிழலில் ஆறவிட்டு மாட்டுங்கள்.

சார்ஜ் ஏறும்போதே அளவெடுப்பதைத் தவிருங்கள். தரமற்ற அடாப்டரின் மின் இரைச்சலைச் சில கருவிகள் துடிப்பாக எண்ணிவிடும். பவர் பேங்கில் வைத்து இரவு முழுவதும் பதிவெடுக்க நினைத்தாலும் ஒரு தடங்கல் உண்டு: கருவி இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், எதுவும் மாட்டப்படவில்லை என்று கருதிப் பல பவர் பேங்குகள் சில நிமிடங்களில் அணைந்துவிடும். குறைந்த கரண்ட்டுக்கான முறை உள்ள பவர் பேங்க்கைத் தேடி வாங்குங்கள்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கருவி 20 மில்லி ஆம்பியர் இழுத்தால், 2000 எம்ஏஎச் செல் காகிதத்தில் 100 மணி நேரம். 80 மணி நேரத்தை நம்பிக் கிளம்புங்கள். திரை வெளிச்சம், புளூடூத், டிக்டிக் ஒலி மூன்றும் தின்னிகள். கதிர்வீச்சு கூடுதலான இடத்தில் செலவும் கூடும், ஒவ்வொரு துடிப்பும் உயர் மின்னழுத்தப் பகுதியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

18650 செல்லை (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள உருளை வடிவ லித்தியம் செல்) மாற்றும்போது 9900 எம்ஏஎச் என்று அச்சிட்டதை வாங்காதீர்கள். அந்த அளவில் உண்மையான உச்சம் 3500 எம்ஏஎச் சுற்றுவட்டாரம்தான். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள செல் சில மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருக்கும், பெட்டிக்குள் அடங்குமா என்று அளந்து பாருங்கள். பென்சில் செல் கருவியில் 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல் போட்டால், முழு சார்ஜிலும் பேட்டரி குறி பாதியைக் காட்டலாம்; 1.5 வோல்ட்டுக்கு அமைத்த குறி அது. பழையதையும் புதியதையும் கலந்து போடக் கூடாது. செல் மாற்றியபின் கடிகாரத்தைச் சரிபாருங்கள், இல்லையேல் பதிவுகளின் நேரம் எல்லாம் பிசகும்.

குழாய்க்குச் சரியான மின்னழுத்தம் போகிறதா என்று சாதாரண மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது வீண். அதன் 10 மெகா ஓம் உள்தடையே பெரிய சுமையாகி, 400 வோல்ட்டை வெகுவாகக் கீழே இழுத்துவிடும். அதை அளக்க மீட்டரின் பக்கம் 1 ஜிகா ஓம் அளவிலான தடை வேண்டும். அணைத்த பின்னும் மின்தேக்கியில் மின்சாரம் நிற்கும், உள்ளே கை வைக்காதீர்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷில் இயற்கையான பொட்டாசியம்-40 இருக்கிறது, கிலோவுக்குச் சுமார் 15,000 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்). முழு சார்ஜில், ஒரு மெல்லிய பையில் கட்டிய பொட்டாஷைக் குழாயை ஒட்டி வைத்து 10 நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் இறங்கிய நிலையில் அதே பை, அதே இடம், அதே 10 நிமிடம். முதல் எண்ணிக்கை 400 என்றால், இரண்டாவதில் 55 வரை ஏற்ற இறக்கம் இயல்பு. 300க்குக் கீழே வந்தால் மின்னழுத்தம் விழுகிறது என்று பொருள்; எத்தனை கோடு சார்ஜில் அது தொடங்குகிறதோ, அதற்கு ஒரு கோடு முன்னதாகவே சார்ஜில் போடுங்கள்.

மாதக்கணக்கில் தூங்கப்போகும் கருவியில் லித்தியம் செல்லை 3.8 வோல்ட் அளவில், பாதி சார்ஜில் விட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். அல்கலைன் செல்லைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் ஸ்பிரிங் தொடுமுனையை அரித்துவிடும். பை வடிவ லித்தியம் செல் உப்பியிருந்தால் சார்ஜ் ஏற்றாமல், குத்தாமல், மின்கழிவு சேகரிப்பில் கொடுத்துவிடுங்கள்.