கடமான் நடக்கும் வழியில் கேமரா கட்டுவது

விலங்கு கடந்தால் தானே படம் எடுக்கும் கேமராவைத்தான் சொல்கிறேன். அதை வாங்கும் முன் அனுமதியை முடித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் இயற்கை வனப்பகுதிகளில் நம் விருப்பத்துக்கு ஒரு கருவியை மரத்தில் கட்டிவிட்டு வர முடியாது. குறித்த பாதையை விட்டு விலகி நடப்பதே குற்றம். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடு ஆய்வு செய்யும் குழுவில் தொண்டூழியராகச் சேருங்கள். நான் அப்படித்தான் போகிறேன்.

நான் தேடுவது கடமானை. சம்பார் மான் என்றால் இங்கே எல்லாருக்கும் புரியும். சென்ற நூற்றாண்டில் தீவிலிருந்து அற்றுப்போனதாகவே கருதப்பட்ட விலங்கு இது. 1970களில் விலங்கியல் தோட்டத்திலிருந்து தப்பிய சில மான்களின் வழிவந்தவைதான் இன்று மண்டாய்ப் பக்கம் திரிகின்றன என்று சொல்கிறார்கள். மண்டாய் லேக் ரோட்டுக்கு மேலே 2019இல் திறந்த வனவிலங்குப் பாலத்தை அவை பயன்படுத்துவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன.

எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் என் மச்சினன். அவர் எல்க் வேட்டைக்காரர். எல்க் கடமானைவிடப் பெரிய மான். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். அங்கே அரசாங்கக் காட்டு நிலத்தில் உரிமச்சீட்டு வாங்கியவர் எவரும் வேட்டையாடலாம் என்பதால், சாலையோரம் கூட்டம் நெரியும். அதனால் மச்சினன் நெடுந்தூரம் உள்ளே நடந்து, இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள தாழ்வான இடத்திலும் சேற்றுக்குழி ஓரத்திலும் கோடையிலேயே கேமரா கட்டிவிடுவார். செப்டம்பரில் இணைசேரும் காலம் வந்ததும் ஆண் எல்க்குகள் அந்தச் சேற்றில்தான் புரளும். அரிசோனாவில் இது நடக்காது. தண்ணீர் அரிதான மாநிலம். ஒவ்வொரு குட்டையைச் சுற்றியும் கேமரா முளைத்ததால், வேட்டைக்காகக் கேமரா வைப்பதையே 2022 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

வேட்டையை விட்டுவிட்டு, அவர் இடம் தேடும் முறையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். கேமராவைக் கையில் எடுக்காமல் முதலில் தரையைப் படியுங்கள். குளம்படி, புழுக்கை, கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரம், சேற்றுக்குழி. கடமானும் எல்க் போலவே சேற்றில் புரளும். ஆனால் இங்கே காட்டுப்பன்றியும் புரளும், அதுவும் நிறைய. சுற்றிலும் மண் கிளறிக் கிடந்தால் பன்றி வந்துபோயிருக்கிறது. பன்றித் தடத்தில் இரண்டு குளம்புக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரு சிறு குழிகளும் பெரும்பாலும் பதிந்திருக்கும். பழைய தடத்தை நம்பாதீர்கள். நேற்று மாலை மழை பெய்து, இன்று காலை தடம் கூர்மையாக இருந்தால் அந்த வழி உயிரோடு இருக்கிறது.

இடம் கிடைத்த பிறகு கட்டும் விதம். கேமராவின் உணரி, சுற்றுப்புறத்துக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் நகர்வதைத்தான் பிடிக்கிறது. கொலராடோவின் குளிர்ந்த காலையில் அது எளிது. நம் ஊரில் பிற்பகல் வெயிலில் காற்றே 32 பாகையைத் தொடும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். வெயிலில் சூடான இலை ஒன்று ஆடினாலும் கேமரா மானென்று நினைத்துக்கொள்ளும். ஆகவே முன்னால் தொங்கும் பெரணி, புல், கொடி எல்லாவற்றையும் பாருங்கள். அனுமதியில் இடமிருந்தால் மடக்கிவிடுங்கள், இல்லையென்றால் வேறு மரம் தேடுங்கள். விலங்கு கேமராவை நோக்கி நேரே வந்தால் உணரி தாமதமாகத்தான் விழிக்கும். குறுக்கே கடந்தால் நன்றாகப் பிடிக்கும். பாதைக்குச் சற்றுச் சாய்வாக, ஐந்தாறு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். கடமானுக்கு இடுப்புயரம் போதும். சருகுமானும் வேண்டுமென்றால் முழங்காலுக்குக் கீழே இறக்க வேண்டும், ஆனால் அப்போது மழை தெறித்து லென்ஸில் சேறு ஒட்டும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கேமரா வடக்கையோ தெற்கையோ பார்த்தால் வருடம் முழுக்க உதயமும் அஸ்தமனமும் கண்ணில் அடிக்காது.

கட்டி முடித்ததும் சோதனை நிலையில் வைத்து, மான் வரக்கூடிய வழியில் நீங்களே குனிந்து நடந்து பாருங்கள். தேதியையும் நேரத்தையும் இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். நேரம் தவறிய படத்தால் எந்த ஆய்வுக்கும் பயனில்லை. இரவில் வீடியோ பேட்டரியைக் குடித்துவிடும். மூன்று படத் தொடர் போதும். பேட்டரி லித்தியமாக இருக்கட்டும். இரவில் படமெடுக்கும்போது சிவப்பு வெளிச்சம் தெரியாத ரகக் கேமரா கொஞ்சம் விலை கூடுதல், ஆனாலும் மிரளும் விலங்குக்கு அதுதான் நல்லது.

ஈரம்தான் இங்கே பெரிய எதிரி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறேன். வீட்டில் மருந்துப் புட்டியோடு வருவதையெல்லாம் மனைவி ஒரு மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வைக்கிறாள். எறும்பு கூடு கட்டும். திறக்கும்போது கையைச் சட்டென்று உள்ளே விடாதீர்கள். குரங்குகள் வாரை இழுத்துக் கேமராவை வானம் பார்க்கத் திருப்பிவிடும். வாரை இறுக்கி, பின்னால் ஒரு குச்சி செருகுங்கள்.

உப்புக்கட்டி, பழம் என்று எதையும் வைக்க வேண்டாம். 2020 முதல் வனவிலங்குக்கு உணவு கொடுப்பதே சட்டப்படி குற்றம். தீனிக்குப் பழகிய மான் சாலையோரம் வரும், அங்கே லாரி ஓடுகிறது. அடிக்கடி போய்ப் பார்க்கவும் கூடாது. நம் வாடை அந்த வழியிலேயே தங்கும். மச்சினன் காற்று எதிரே வீசும் நேரம் பார்த்துத்தான் படங்கள் பதிவான கார்டை எடுக்கப் போவார்.

அப்புறம் படங்கள். ஒரே மான் அரை மணி நேரம் கேமரா முன்னால் மேய்ந்தால் நூறு படம் விழும். அதை ஒரு வருகையாகத்தான் எண்ண வேண்டும். ஆண் மானைக் கொம்பின் கிளையை வைத்து அடையாளம் காணலாம், கொம்பு உதிரும் வரைக்கும். மனிதர் முகம் விழுந்த படத்தைக் குழுத் தலைவரிடம் சொல்லி அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பகிர ஆசை வரும், எனக்கும் வருகிறது. குழு ஒப்புக்கொண்டால் பகிருங்கள், ஆனால் இடக்குறிப்பை நீக்கிவிட்டு, பின்னணியில் கம்பமோ பெயர்ப்பலகையோ தெரிந்தால் வெட்டிவிட்டுப் பகிருங்கள். இந்தத் தீவில் இருப்பதே சில மான்கள்தான். அவை எங்கே தண்ணீர் குடிக்கின்றன என்பது அந்நியர் கைப்பேசிக்குப் போகக் கூடாது.